விலையை விலை என்றே எழுதுங்கள்: அரசு அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். வேளாண்மை, உணவு, சுகாதாரம், ஊரக வளர்ச்சி என்று எந்தத் துறையாக இருந்தாலும் சரி, அரசு அறிவிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அறிவிப்பின் அடியில் உங்கள் பெயர் இருப்பதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை முப்பது வருடத்துக்கு மேல் ஊர் கேட்க வாசித்தவன் நான். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது, இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய வேலை முழுதாக விட்டுப்போகவில்லை. பலகையில் புதுத் தாள் ஒட்டினால் யாராவது வந்து, "கொஞ்சம் படிச்சுச் சொல்லிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள்.

2025 செப்டம்பரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். குறுவை அறுப்பு நேரம். அந்தப் பருவத்துக்கான நெல் கொள்முதல் விலை வந்திருந்தது. பொது ரகத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக 2,500. சன்ன ரகத்துக்கு 2,389, ஊக்கத்தொகை 156, ஆக 2,545. நான் வாசித்து முடித்ததும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், முறைக்கு எனக்குப் பெரியப்பா, எண்பதைத் தொட்டவர், கேட்டார்.

"அந்த நூத்தி முப்பத்தொண்ணு வெலையில சேருமா, சேராதா?"

"சேரும் பெரியப்பா. கையில வர்றது ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"அப்ப அதுக்கு எதுக்கு வேற பேரு? வெலைன்னா பத்தலைன்னு கேக்கலாம். ஊக்கத்தொகைன்னா குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அறுபது வருசமா நாத்து விடுறேன். எனக்கு ஊக்கம் இல்லைன்னு யாரு சொன்னா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரசு தந்த 131 ரூபாயைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் அது 105 ரூபாய்தான், கூட்டியிருக்கிறார்கள், நல்லது. எனக்கு இருக்கும் வருத்தம் அந்தப் பணத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரைப் பற்றியது.

உங்கள் மேசைக்கு வருகிற ஆங்கிலக் கோப்பில் 'இன்சென்டிவைஸ்' என்று ஒரு வினை இருக்கும். அகராதியைப் பிரித்தால் 'ஊக்குவி' என்று போட்டிருக்கும். அதையே எழுதிவிடுகிறீர்கள். வினை அப்படி வந்த பிறகு பெயரும் கூடவே வந்துவிடுகிறது: 'இன்சென்டிவ்' என்றால் ஊக்கத்தொகை. இந்த இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும்.

ஆங்கிலத்தில் 'இன்சென்டிவ்' பழைய சொல். அதன் வேர் லத்தீனில் 'கனெரே', அதாவது பாடுவது. பாட்டை எடுத்துக் கொடுப்பது, சுதியைத் தொடங்கிவைப்பது என்ற பொருளில் பிறந்தது. இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். அம்மா நடவுக்குப் போனவர். வரிசையில் ஒருத்தர் முதல் அடியைப் பாடுவார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு ஏறினால் நடுகிற கையும் தானாக வேகம் பிடிக்கும். பாடியவருக்கும் அதே கூலிதான், வாங்கிப் பாடியவருக்கும் அதே கூலிதான். ஒரு லத்தீன் சொல்லின் அடியில் எங்கள் நடவு வயல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வினை அப்படிப் பழையது இல்லை. 'இன்சென்டிவைஸ்' எழுத்தில் வந்தது 1960-களின் கடைசியில்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிலேயே பலருக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, அலுவலக வாடை அடிக்கிறது என்பார்கள். இருந்தாலும் அதன் பொருள் கறாரானது. ஒருவர் தானாக ஒன்றைச் செய்யமாட்டார், அல்லது தயங்குவார். அதைச் செய்தால் இன்னது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அவரைச் செய்யவைப்பது, அவ்வளவுதான். அதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது. செய்வதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட செயலோடு கட்டியிருக்க வேண்டும். அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தச் செயல் நடந்திருக்காது, அல்லது குறைவாக நடந்திருக்கும். இதில் எது இல்லாவிட்டாலும் அது வேறு ஏதோ ஒன்று. விலையாக இருக்கலாம், கூலியாக இருக்கலாம், நிவாரணமாக இருக்கலாம், பரிசாக இருக்கலாம்.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். 'ஊக்கு' என்பதே செய்யவைக்கிற வினைதான். அதன்மேல் 'வி' சேர்த்து 'ஊக்குவி' ஆக்கியிருக்கிறோம், செய் என்பது செய்வி ஆவதைப் போல. கலித்தொகையில் ஊஞ்சலில் இருக்கும் ஒரு பெண், அங்கே வந்தவனைப் பார்த்து "ஐய, சிறிது என்னை ஊக்கி" என்று கேட்கிறாள். ஊஞ்சலைக் கொஞ்சம் ஆட்டிவிடச் சொல்கிறாள். ஏறி உட்கார்ந்தது அவள், ஆட ஆசைப்பட்டதும் அவள். பின்னாலிருந்து ஒரு கை கேட்கிறாள், அவ்வளவுதான். 'ஊக்கு' என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்துப் புளியமரத்தில் பேத்திக்கு ஊஞ்சல் கட்டியிருக்கிறேன். "தாத்தா, ஆட்டி விடு" என்பாள். இரண்டு முறை தள்ளினால் போதும், அப்புறம் காலை நீட்டி மடக்கி அவளே ஆடிக்கொள்வாள். ஆட மாட்டேன் என்று இறங்கி நிற்கிற பிள்ளையை மிட்டாய் காட்டி ஏற்றி உட்காரவைப்பதற்கு 'ஊக்கு' என்ற சொல் வராது.

ஊக்கத்துக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, அறுபதாவது. சோராத ஊக்கம் உடையவனிடம் செல்வம் தானே வழி கேட்டுக்கொண்டு போய்ச் சேரும் என்கிறது அதில் ஒரு குறள். அங்கே ஊக்கம் முன்னால் நடக்கிறது, பணம் விசாரித்துக்கொண்டு பின்னால் வருகிறது. உங்கள் அறிவிப்புகளில் பணம் முன்னால் போகிறது, அதைப் பார்த்து எங்களுக்கு ஊக்கம் வரும் என்று எழுதியிருக்கிறது. பெரியப்பாவுக்குக் குறள் தெரியாது. ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த 131 ரூபாயை, முன்னால் சொன்ன மூன்று விஷயத்திலும் வைத்துப் பார்க்கலாம். பொது ரகம் விற்கிற எல்லோருக்கும் அது கிடைக்கிறது. அதற்காக யாரும் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. குறுவைக்கு மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, முறை வைத்து விடுவார்களா, கடைமடைக்கு வந்து சேருமா என்று பார்த்துத்தான் நாங்கள் நாற்று விடுகிறோம். ஊக்கத்தொகை எவ்வளவு என்று தெரிகிற நேரத்தில் கதிர் முற்றிவிடுகிறது. ஆகவே அது விலை. மத்திய அரசு சொன்ன விலைக்கு மேல் மாநில அரசு கூட்டித் தருகிற விலை.

ஆனால் அதே தாளில் நிஜமான ஊக்கத்தொகை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. பொது ரகத்துக்கு 131, சன்ன ரகத்துக்கு 156. நடுவில் இருக்கிற 25 ரூபாயைப் பாருங்கள். மத்திய அரசு இரண்டு ரகத்துக்கும் வைத்த வித்தியாசம் 20 ரூபாய். மாநில அரசு அதோடு 25 சேர்த்து 45 ஆக்கியிருக்கிறது. "சன்ன ரகம் போட்டால் குவிண்டாலுக்கு 45 ரூபாய் கூட வரும்" என்று நடவுக்கு முன்னால் எங்களிடம் சொன்னால், பி.பி.டி. 5204 என்கிற சன்ன ரகம் போடலாமா, இல்லை பள்ளக்கால் வயலுக்கு வழக்கம்போல சி.ஆர். 1009-ஏ போதுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். தண்ணீர் நின்றால் எது தாங்கும், மகசூல் எதில் எவ்வளவு குறையும், 45 ரூபாய் அதை ஈடு கட்டுமா என்று கணக்குப் போடுவோம். ஆளை ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கிற பணம் அது. அதை இன்சென்டிவ் என்று சொல்வது பொருந்தும். அந்த 25 ரூபாயும் மீதி 131 ரூபாயும் ஒரே பெயரில் சேர்ந்து கிடப்பதால் எங்களுக்கு இரண்டுமே கண்ணில் படாமல் போகின்றன.

விலை என்ற சொல்லின் பின்னால் ஒரு கணக்கு நிற்கிறது. உழவு, விதை, உரம், நடவு, களை, அறுப்பு, வீட்டு ஆட்களின் உழைப்பு என்று எல்லாம் கூட்டி, அதற்குமேல் எவ்வளவு என்று கேட்கலாம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதார விலை தர வேண்டும் என்றது. எந்தச் செலவை எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. நடக்கட்டும். விலை என்று பெயர் இருப்பதால்தானே சண்டை போட முடிகிறது? ஊக்கத்தொகை 131 ஏன், 200 ஏன் இல்லை என்று கேட்க ஒரு பிடி கிடையாது. மனம் வந்து கொடுத்தது என்கிற தோற்றம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆதார விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது, அதை மாநிலம் மாற்ற முடியாது. மாநிலத்தின் பங்கு தனிக் கணக்கில் போக வேண்டும், தனிப் பெயர் வேண்டும். அப்படியானால் 'மாநிலக் கூடுதல் விலை' என்று வையுங்கள். கணக்கும் தனியாக நிற்கும், விலை என்கிற உண்மையும் நிற்கும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருகிற இடம் கூலி.

நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் என்று பெண்கள் வேலை செய்கிறார்கள். 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் வந்த ஏற்பாடு. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, குழந்தைக்குத் தடுப்பூசி போடவைப்பது என்று வேலைக்கு வேலை கணக்குப் பார்த்துப் பணம் தருகிறார்கள். அவர்களைத் தன்னார்வலர்கள் என்றும் அந்தப் பணத்தை இன்சென்டிவ் என்றும் சொல்வதால் அது சம்பளம் ஆகாமல் நிற்கிறது. நடுராத்திரியில் பிரசவ வலி கண்ட பெண்ணோடு வண்டியில் ஏறிப் போகிறவருக்கு யார் ஊக்கம் கொடுக்க வேண்டும்? அந்த ஆஷா பணியாளருக்கு வர வேண்டியது வேலைக்கான கூலி. தமிழில் அதை ஊக்கத்தொகை என்று எழுதும்போது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்கு நம் மொழியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். பல திட்டங்களில் இப்படி நடக்கிறது. கூலி, சம்பளம் என்ற சொற்களைத் தொடவே பயந்து ஊக்கத்தொகை, மதிப்பூதியம் என்று சுற்றி வருகிறோம்.

கூலி என்ற சொல்லுக்காக எங்கள் மண்ணில் உயிர் போயிருக்கிறது. கீழ்வெண்மணி எங்களிடமிருந்து தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக அது நடந்தது. அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அந்த அரைப்படியை அவர்கள் கூலி என்றார்கள். எங்களுக்கு உரியது என்று சொல்ல அந்தச் சொல் அவர்களுக்கு இருந்தது. அந்தச் சொல்லைப் பின்னால் வருகிறவர்களின் கையிலிருந்து மெதுவாக எடுத்துவிடாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

சரி, பணம் தந்து ஆளைச் செய்யவைப்பதே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். நடவுக்கு ஆள் கிடைக்காத நாளில் கூலிக்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் பேசுவோம், டீயும் வடையும் வயலுக்கே வரும் என்போம். ஆனால் அதை நாங்கள் "ஊக்குவிக்கிறோம்" என்று சொல்ல மாட்டோம். "கூடக் குடுத்தாதான் ஆள் வருது" என்போம். யார் எதற்காக நகர்கிறார்கள் என்று சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அப்படித் தெரிவது நல்லது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எலி. எங்கள் பக்கத்தில் வயல் எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டி, இரை வைத்து, எலி வாய் வைத்ததும் படக்கென்று பிடிக்கிற பொறி. கிட்டி வைக்கிறவரிடம் எலிக்கு இவ்வளவு என்று பேசுவோம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சம்பாவில் அவர் தினமும் காலையில் எலியைக் கோத்துக் கொண்டுவந்து எண்ணிக் காட்டினார். எண்ணிக்கை நன்றாகத்தான் இருந்தது. அறுக்கும்போது பார்த்தால் நடுவயலில் அங்கங்கே எலி வெட்டிச் சொட்டையாகக் கிடந்தது. கேட்டேன். "அண்ணே, வாய்க்கால் கரையில வச்சா ராத்திரிக்குப் பத்து விழும். நடு வயல்ல வச்சா மூணுதான் விழும். நீங்க எலிக்குத்தானே காசு பேசினீங்க?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் கேட்டதை அவர் கொடுத்தார். எனக்கு வேண்டியதை நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினோம், நடுவயலில் கிட்டி வந்தது.

1902-ல் ஹனோயில் பிரெஞ்சு அரசாங்கம் எலி வாலுக்கு இவ்வளவு என்று காசு வைத்தது. வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு எலியை விட்டுவிட்டார்கள், அது போய்க் குட்டி போட்டது. சிலர் எலியை வளர்க்கவே ஆரம்பித்தார்கள். பணத்தை எந்தச் செயலோடு கட்டுகிறோமோ அந்தச் செயல்தான் நடக்கும், மனதில் நினைத்தது நடக்காது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஆகவே எந்தச் செயலோடு கட்டியிருக்கிறது என்று அறிவிப்பின் முதல் வரியிலேயே தெரிய வேண்டும். 'எலி ஒழிப்பை ஊக்குவிக்கும் பொருட்டு' என்று எழுதினால் அது தெரியாது. 'வால் ஒன்றுக்கு இவ்வளவு' என்று எழுதியிருந்தால் படிக்கிறவரில் ஒருவராவது, அப்படியானால் வாலை மட்டும் நறுக்குவார்களே என்று உடனே சொல்லியிருப்பார்.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கிலத்தில் அந்த வினை ஆளையும் பிடிக்கும், செயலையும் பிடிக்கும். 'விவசாயியை இன்சென்டிவைஸ் செய்' என்பார்கள், 'இயந்திர நடவை இன்சென்டிவைஸ் செய்' என்றும் சொல்வார்கள். இரண்டாவதில் ஆள் காணாமல் போய்விடுகிறார். அதைத் தமிழாக்கும்போது 'இயந்திர நடவை ஊக்குவிக்க' என்கிறீர்கள். நடவுக்கு எப்படி ஊக்கம் வரும்? நடுகிறவருக்குத்தான் வரும்.

இயந்திர நடவு விஷயத்தில் நான் நேரில் பட்டது உண்டு. 2024-ல் அரசின் குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் பின்னேற்பு மானியம் என்று வந்தது. அறிவித்த திட்டம் நல்ல திட்டம். ஆள் கிடைக்காத ஊருக்கு அது பெரிய உதவி. ஆனால் 'பின்னேற்பு மானியம்' என்ற சொல்லை நான் வாசித்தபோது எதிரில் இருந்த ஒருவர், மனு கொடுத்தால் பின்னால் ஏற்றுக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டார். நானும் நிறுத்தி விளக்கவில்லை, அந்தக் குற்றம் என்னுடையது. முதலில் தன் கையிலிருந்து செலவு செய்ய வேண்டும், பிறகு கணக்குக் காட்டினால் வங்கியில் வரும் என்பது அவருக்கு மெஷின் வயலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நகையை வைத்துத்தான் வாடகை கொடுத்தார்.

'இயந்திரத்தால் நட்டால் ஏக்கருக்கு 4,000 ரூபாய் தருவோம். முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், ரசீது கொடுத்தால் உங்கள் கணக்கில் பணம் வரும்.' இப்படி எழுதியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. 'நட்டால்' என்பதில் உள்ள அந்த 'ஆல்' ஒன்றே ஆங்கிலத்தின் அந்த நீள வினை செய்கிற வேலை முழுவதையும் செய்துவிடுகிறது. இன்னது செய்தால் இன்னது. தமிழில் இதற்குத் தனி வினை தேடவே வேண்டாம். 'தூண்டுதொகை' என்று ஒன்றை உண்டாக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். விளக்கைத் தூண்டுவது நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் ஆற்றில் தூண்டில் போடுகிற பையன்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லில் முள்ளும் மண்புழுவும் சேர்ந்தே தெரிகிறது. வேண்டாம், 'ஆல்' போதும்.

அப்படியானால் 'ஊக்குவி' எங்கே வரும்? வர வேண்டிய இடம் நிறைய இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் இருந்தார். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர், 2018-ல் காலமானார். ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்துவார். வருகிறவருக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பார். யோசித்துப் பாருங்கள், வாங்குகிறவருக்கு ஒரு ரூபாய் லாபம் காட்டவில்லை. இரண்டு மடங்கு திருப்பிக் கேட்டார். அப்படியும் ஜனங்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், விதைத்தார்கள், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா என்றும் காட்டுயானம் என்றும் சின்னப் பையன்கள்கூடப் பேர் சொல்லும்படி ஆனது. அவர் விவசாயிகளை ஊக்குவித்தார் என்று எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் அந்தச் சொல் தன் வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவர் பெயரில் அரசே மரபு நெல் ரகங்களைக் காக்கும் இயக்கம் நடத்துகிறது. ஆகவே உங்களுக்கும் இது புதிதில்லை.

பணமும் ஊக்கமும் சேர்ந்து போகிற இடமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண் மன்னார்குடிக்குப் போய்ப் படிக்கிறாள். அவளுக்குப் படிக்கும் ஆசை முன்பே இருந்தது. "அதான் பன்னெண்டு முடிச்சாச்சே" என்று வீட்டில் சொன்னவர்களின் வாயை அந்த ஆயிரம் ரூபாய் அடைத்தது. ஊஞ்சலில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை. அதை ஊக்கத்தொகை என்று யாராவது எழுதினால் எனக்கு மறுப்பே இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அடுத்த அறிவிப்பை எழுதும்போது 'ஊக்கத்தொகை' என்று கை போகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று, இந்தப் பணம் எதற்காகப் போகிறது என்று பாருங்கள். விற்ற பொருளுக்கு என்றால் விலை. செய்த வேலைக்கு என்றால் கூலி, சம்பளம். வெள்ளத்தில் போன பயிருக்கு என்றால் நிவாரணம். அதிக மகசூல் எடுத்த ஒருவரைத் தேர்ந்து கொடுப்பது என்றால் பரிசு, விருது. செய்யச் சொல்லி முன்னாலேயே பேசியது என்றால் 'செய்தால் தருவோம்' என்று எழுதி, எப்போது தருவோம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இவற்றில் எதுவும் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத சொல் இல்லை. என்னைப் போல ஒருவர் பக்கத்தில் நின்று படித்துச் சொல்ல வேண்டிய தேவையும் பாதியாகக் குறையும்.

இன்னொரு வேண்டுகோள். அடுத்த குறுவைக்கான அறிவிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் டெல்டாவில் ஏதாவது ஓர் ஊரில் நாலு பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். எங்கள் ஊருக்கே வந்தாலும் சரி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சங்கத்துக்கு எதிரில் உள்ள டீக்கடை பெஞ்சில் பெரியப்பா இருப்பார். நான் வாசிக்கிறேன், அவர் கேட்கட்டும். எந்த வரியில் அவர் நிறுத்தி "அப்படின்னா?" என்கிறாரோ, அந்த வரியை உங்களுக்குக் குறித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்திலிருந்து,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர், மூன்று ஏக்கர் விவசாயி